சிவப்பு விளக்கில் நின்ற கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரைக் கெடுத்தவனைப் பிடித்துத் தரும்படி ஒருவர் வந்து நிற்பார் என்று 1974-ஆம் வருடத்துச் செங்கல்பட்டில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். சிவப்பிரகாசமும் எதிர்பார்க்கவில்லை. அவர் தந்தி இலாகாவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காணாமல் போன தந்திகளைத் தேடித் தேடியே துப்பறியும் புத்தி வளர்ந்தவர். அவருக்கு உதவி, சைக்கிள் கடை வரதன். நாற்பது வயதாகியும் வரதனின் ஆர்வத்துக்கு மட்டும் பிரேக் கிடையாது. குற்றவாளி யார் என்று முடிவு செய்துவிட்டுத்தான் குற்றம் என்னவென்று கேட்பான்.

வந்தவர் எஞ்சினியர் தேசப்பன். சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, கடலலைகளை அளக்கும் ஓர் ஆய்வு நிலையத்தில் அதிகாரி. அங்கே இருந்த கம்ப்யூட்டரை அவர் விலைக்கு வாங்கவில்லை; பாகம் பாகமாகத் தேடிச் சேர்த்துத் தம் கையாலேயே கட்டியிருந்தார். அதைத் தட்டியெழுப்பி வேலை வாங்கும் கட்டளைகள் பெரும்பாலும் ஓட்டை போட்ட காகித டேப்பில் இருந்தன. மூன்று வருடம் ஓடிய பழைய டேப்புக்குப் பதிலாக, இரண்டு மாதம் உட்கார்ந்து புதிய டேப் ஒன்றைத் தயாரித்தார். பழையதைப் போட்டால் இயந்திரம் சமர்த்தாக எழுந்தது. புதியதைப் போட்டால் எழவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்று சிவப்பு விளக்கைக் காட்டியது.

"டேப்பை நானும் ஆபரேட்டரும் தவிர யாரும் தொட்டதில்லை. நான் கெடுக்கவில்லை. மிச்சம் அவன்தான்" என்றார் தேசப்பன்.

ஆபரேட்டர் தேவசகாயம் படாளத்துக்காரன். அவன் குடும்பத்தில் அதுவரை எல்லாருமே பிறர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அவன்தான். தினமும் காலையில் முன்பக்கத்துச் சுவிட்சுகளைத் தட்டி முதல் இருபது கட்டளைகளைக் கையால் ஊட்டுவது அவன் வேலை. புதிய டேப்பில் அவையும் சேர்ந்தே இருந்ததால், அது வந்தால் அந்த வேலைக்கு அவசியம் இருக்காது. அந்தப் பயத்தில்தான் கெடுத்துவிட்டான் என்பது தேசப்பனின் கணக்கு. கேட்டதற்கு அவன் வாயைத் திறக்காததால் போலீசில் சொல்லி, வீட்டிலிருந்து ஜீப்பில் அழைத்துப்போய் ஒரு பகல் முழுக்க விசாரிக்கவும் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வேலைநீக்க உத்தரவில் நிலையத்து டைரக்டர் கையெழுத்திடப் போகிறார். அதற்குள் ஆதாரம் வேண்டும்.

விவரங்களைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நோட்டு புத்தம் புதியது. அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. சிவப்பிரகாசம் அதை நிதானமாகப் படித்துவிட்டு, மறுநாள் வருவதாகச் சொன்னார்.

"இதுல துப்பறிய இன்னா கீது சார்? அவன்தான்" என்றான் வரதன், தேசப்பன் தலை மறைந்ததும்.

மறுநாள் அவர்கள் முதலில் படாளத்துக்குத்தான் போனார்கள். தேவசகாயம் அங்கே ஒரு பம்புசெட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டேப்பைப் பற்றிக் கேட்டதற்கு, தான் எதையும் கெடுக்கவில்லை என்று மட்டும் சொன்னான். சிவப்பிரகாசம் எழுந்திருக்கும் சமயத்தில், தலையைத் தூக்காமலே இன்னொன்றும் சொன்னான்.

"சொல்ல வேண்டியத சொல்லிட்டேன் சார். அதுக்கு மேல நான் இன்னா பண்றது?"

யாரிடம் சொன்னாய் என்று வரதன் துருவித் துருவிக் கேட்டும் பதில் வரவில்லை. ஊரார் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஜீப் வந்துபோன தெருவில் அத்தனை வாசல்களும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன. வரதனுக்கே கூச்சமாகிவிட்டது.

ஆய்வு நிலையத்தில் சிவப்பிரகாசம் மூன்று காரியங்கள் செய்தார். பழைய டேப்பை ஓட்டிக் காட்டச் சொன்னார். இயந்திரத்தின் பக்கத்திலிருந்த குப்பைக் கூடையைக் கிளறி, டேப்பைப் படிக்கும் ரீடரை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பஞ்சுகளை எடுத்துப் பார்த்தார். சிலவற்றில் மஞ்சள் கறை இருந்தது. கடைசியாக லாக் புத்தகத்தைக் கேட்டார். ஆபரேட்டர் தினமும் அதில் நடந்ததை எழுதுவான்; அடியில் எஞ்சினியர் கையெழுத்திடுவார். "அதில் என்ன இருக்கப்போகிறது, அவன் கிறுக்கியதுதான்" என்று சொல்லித்தான் தேசப்பன் எடுத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை மாலை டைரக்டர் அறையில் எல்லாரும் கூடினார்கள். தேவசகாயத்துக்கும் சொல்லியனுப்பியிருந்தார்கள், அவன் வரவில்லை. சிவப்பிரகாசம் புதிய டேப் சுருளைக் கையில் எடுத்தார்.

"தந்தி ஆபீசிலும் இதே டேப்தான். கீழே விளக்கு, மேலே வெளிச்சத்தைப் பார்க்கும் கண். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தால் ஒன்று, வராவிட்டால் சைபர். கெடுக்க நினைப்பவன் புதிதாக ஓர் ஓட்டை குத்துவான், இல்லாவிட்டால் கிழிப்பான். இதில் குத்தலும் இல்லை, கிழிசலும் இல்லை. இருந்த ஓட்டை ஒன்று அடைபட்டிருக்கிறது. பாருங்கள்."

டேப்பை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். தலைப்பிலிருந்து சரியாக ஒரு சுற்றுத் தள்ளி, வெளிச்சம் வரவேண்டிய ஓர் இடம் இருட்டாக இருந்தது.

"சுருளின் மேல்சுற்று வெறும் தலைப்பு, அதில் கட்டளை கிடையாது. அங்கே ஈரமாக எதையோ தொட்டு வைத்திருக்கிறார்கள். நடுவில் டேப்பை இழுப்பதற்கென்று இருக்கும் சின்னத் துளைகள் வழியாக அது அடிச்சுற்றில் இறங்கிக் காய்ந்துவிட்டது. டேப்பே வெளிர்மஞ்சள் நிறம். அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை." தேசப்பன் பக்கம் திரும்பினார். "புது நோட்டுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வைக்கிறவர், இரண்டு மாதம் உழைத்துச் செய்த புது டேப்புக்கு வைக்காமலா இருந்திருப்பார்?"

தேசப்பன் டேப்பை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தாமே பிடித்துப் பார்த்தார். சாமி படத்துக்கு முன்னால் வைத்து, தலைப்பில் ஒரே ஒரு பொட்டு வைத்ததாகவும், அது வெறும் காகிதம்தானே என்று நினைத்ததாகவும் பிறகு சொன்னார். இயந்திரத்தில் தாம் செய்த ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதியவர், இதை மட்டும் எழுதவில்லை. சாமிக்குச் செய்ததை யார்தான் கணக்கில் சேர்ப்பார்கள்? பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று டைரக்டர் சிரிக்கப் பார்த்தார். சிவப்பிரகாசம் சிரிக்கவில்லை.

"இது இத்தோடு முடியவில்லை" என்று லாக் புத்தகத்தைத் திறந்தார். புதிய டேப் ஓடாமல் நின்ற முதல் நாளின் பக்கம். தேவசகாயத்தின் உருண்டையான எழுத்தில் இருந்ததைப் படித்தார்: "ரீடரில் மஞ்சள் ஒட்டுகிறது. டேப்பின் தலைப்பில் மஞ்சள் இருப்பதாகத் தெரிகிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்க உத்தரவு வேண்டும்." அதன் அடியில் தேசப்பனின் கையெழுத்து, தேதியோடு.

தேசப்பன் புத்தகத்தை வாங்கித் தாமே ஒருமுறை படித்தார். முகம் செத்துப்போயிற்று.

"தெரிந்ததும் அவனே துடைத்திருக்கலாமே" என்றார் டைரக்டர்.

அதற்குத் தேசப்பனே பதில் சொன்னார். போன வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள், சுவிட்சுகளில் வைத்திருந்த சந்தனத்தைத் தேவசகாயம் வழக்கம்போலத் துடைத்துவிட்டான். சாமிக்கு வைத்ததில் நீ எப்படிக் கை வைக்கலாம் என்று, எல்லார் முன்னாலும் அவனைத் திட்டியிருந்தார். 'நீ' என்பதை அன்றைக்கு எப்படி அழுத்திச் சொன்னார் என்பது இப்போதுதான் அவருக்கே ஞாபகம் வந்தது.

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் இரண்டு நிமிஷம் துடைத்தார்கள். புதிய டேப் ஒரே மூச்சில் ஓடியது. சிவப்பு விளக்கு எரியவில்லை. தாம் கட்டிய இயந்திரம் எழுந்து நின்றதை அன்று தேசப்பன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வேலைநீக்க உத்தரவைக் கிழித்துப் போட்டுவிட்டு, தேசப்பனே படாளத்துக்குப் போனார். சிவப்பிரகாசத்தையும் வரதனையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். தேவசகாயம் எழுந்து நின்று, உட்காரப் பலகை எடுத்துப் போட்டான்.

"மிஷின் ஏந்துகிச்சா சார்?" என்றுதான் முதலில் கேட்டான்.

எழுந்துவிட்டது என்று சொல்லி, தேசப்பன் மன்னிப்புக் கேட்டார். தெருவே பார்க்கும்படி நின்று கேட்டார். திங்கட்கிழமையே வேலைக்கு வரவேண்டும், புதிய டேப்புக்கும் அவன்தான் ஆபரேட்டர் என்றார். நீ எழுதியதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன், தப்பு என்னுடையதுதான் என்று கடைசியில் சொல்லிவிட்டார்.

தேவசகாயம் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"படிக்கலியா சார்?" என்றான். "நீங்க படிச்சிட்டுத்தான் சைன் போட்டீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். தெரிஞ்சேதான் என்னிய வேலைய விட்டு அனுப்புறீங்கன்னு நெனச்சேன். அதான் போலீசுல கூட வாயத் தொறக்கல."

உள்ளேயிருந்து அவன் மனைவி மேரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நான் வர்ல சார். இங்கயே இருந்துக்கறேன்" என்றான் தேவசகாயம். கோபமாகச் சொல்லியிருந்தால் தேசப்பன் கெஞ்சியாவது பார்த்திருப்பார். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். "அடுத்து வர்றவன் எழுதுனாலாவது, கொஞ்சம் படிச்சிப் பாருங்க."

திரும்பும்போது பஸ்ஸில் தேசப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியிலிருந்த நோட்டின் மஞ்சள் மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார். அது போகவில்லை.