ஜாடி இழுத்த மூச்சு

குழாயில் தண்ணீர் மேலே ஏறியிருந்தது. அது ஏறக் கூடாது.

கலிஃபோர்னியாவில், சன்னிவேல் அபார்ட்மென்ட்டின் பாத்டப்பில், குளிர்ந்த தண்ணீருக்குள், ஈரத் துண்டு சுற்றி நின்றது சபரிநாதனின் கண்ணாடி ஜாடி. அதற்குள், ஆபீஸ் நண்பனிடம் கற்றுக்கொண்டு அவன் முதன்முதலாகக் காய்ச்சிய பியர். 1997 ஜூலை வெக்கையில், பியரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் சூடாகிவிடாமல் மூன்று நாளாக ஐஸ் போட்டுக் காத்துவந்தான். ஜாடியின் வாயிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய், பக்கத்தில் வைத்திருந்த வாளித் தண்ணீருக்குள் இறங்கியது. பியர் நுரைக்க நுரைக்க, வாயு அந்த வழியாக வெளியேறி, நேற்றுவரை ப்ளக், ப்ளக்கென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

இன்று ஜாடி வாளித் தண்ணீரை உறிஞ்சியது. குழாயில் ஒரு சாண் ஏறும். இறங்கும். மறுபடி ஏறும்.

ஐஸ் அதிகமாகிவிட்டதோ? சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இழுக்கும் என்று நண்பன் சொல்லியிருந்தான். துண்டை விலக்கித் தொட்டுப் பார்த்தான். கண்ணாடி, காய்ச்சல்காரனின் நெற்றிபோலச் சுட்டது. ஈஸ்ட்டின் புளிப்புக்கு அடியில் வேறொரு வாடை: யாரோ முகத்துக்கு நேரே வாய் திறந்ததுபோல.

"என்னங்க," ஹாலிலிருந்து மனைவி வான்மதி. "நாளைக்கு ஸ்ரீநிவாசன் அங்கிள் ஃபேமிலியோட லஞ்ச்சுக்கு வராங்க. பாத்ரூம் க்ளீன் பண்ணணும். அதக் கொட்டிடுங்களேன்."

"இப்பதாம்மா நல்லா ஃபெர்மென்ட் ஆகுது. கொட்டினா எல்லாம் வேஸ்ட்."

சொல்லிவிட்டு மூச்சை இழுத்தான். குழாயில் தண்ணீர் ஏறியது. விட்டான். இறங்கியது.

மூச்சை அடக்கினான்.

தண்ணீர் அசையாமல் நின்றது.

தற்செயல்தான் என்று சிரிக்கப் பார்த்தான். அதற்குள் தண்ணீர் தானாக ஏறியது. அவன் இழுக்கவில்லை. ஆனாலும் நெஞ்சு விரிந்தது. தண்ணீர் இறங்கியது. நெஞ்சு சுருங்கியது.

குழாயைப் பிடுங்கக் கை நீட்டினான். தண்ணீர் கீழேயே நின்றுவிட்டது.

மூச்சு வரவில்லை.

முழங்கால் டைல்ஸில் மோதியது. விரல்கள் டப்பின் விளிம்பில் வழுக்கின. கண்ணோரம் இருண்டது.

"என்னங்க? என்ன சத்தம்?" குரல் இப்போது கதவருகே. "உள்ள வரட்டுமா?"

வேண்டாம். உதடு அசைந்தது. காற்றில்லை.

ஜாடிக்குள் நுரை மொத்தமும் கழுத்துக்கு ஏறியது. வாளியில் ஒரே ஒரு பெரிய குமிழி.

"வாம்மா," என்றது அது, அவன் குரலில்.

கதவின் கைப்பிடி திரும்பியது.