நிலாவுக்கு என்ன வெட்கம்?

“காலை எடுங்க... என் கண்ணு மேல நிக்கிறீங்க!”

பதறிக் காலைத் தூக்கினான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தவன் மேல் ஓடி வந்து மோதியது அவள்தான். ஆனாலும் நொறுங்கிக் கிடந்தது அவளுடைய கண்ணாடியாயிற்றே... குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான்.

“சாயங்காலத்துக்குள்ள இதைத் திருத்தி அச்சகத்துக்குக் குடுக்கணும்...” நெஞ்சோடு அணைத்திருந்த தாள்களைக் காட்டினாள். ஒரு கவிதை இதழுக்கு ஆசிரியையாம். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் எங்கெங்கோ அலைந்தன. பெரிய, ஈரமான கண்கள்... அவனுக்கு என்னவோ செய்தது.

“புதுசு செய்ய ரெண்டு மூணு நாளாகுமேங்க. வேணும்னா... நானே படிச்சுக் காட்டட்டுமா?”

வேறு வழியில்லை. அவன் படிக்க, அவள் பிழை சொல்ல, அவனே திருத்தினான்.

“‘மீன் போன்ற கண்கள்’... அடுத்ததுல ‘கண் என்னும் மீன்’. ரெண்டும் ஒண்ணுதானே?”

“மீன் மாதிரின்னா உவமை. கண்ணையே மீனாக்கிட்டா உருவகம்.”

“ரெண்டுலயும் மீன் வாடைதான் அடிக்குது.”

களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் அவனைக் கெடுத்தது. அடுத்த தாளை எடுத்தவனுக்கு வாய் நீண்டுவிட்டது.

“‘உன் கண்ணைக் கண்டு வெட்கி நிலா மேகத்துள் ஒளிந்தது’... மேகம் வந்தா நிலா மறையும். இதுல வெட்கம் எங்க வந்துச்சு?”

“அது தற்குறிப்பேற்றம். தானா நடக்கிறதுக்குக் கவிஞர் தன் மனசுல இருக்கிற காரணத்தை ஏத்திச் சொல்றது.”

“கதை விடறாருன்னு சொல்லுங்க. இவர் ஒரு கண்ணையாவது கிட்டத்துல பாத்திருப்பாரா?”

தாள்களை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“அது நான் எழுதினது.”

போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண் பரிசோதிக்க வந்தவரை ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னான். உடைந்ததைப் பார்த்துப் புதுக் கண்ணாடியைச் செய்து முடித்தான், துடைத்தான், மறுபடி துடைத்தான். அவளுக்குக் கோபம் என்று தெரிந்துதான் வெயில்கூடக் கடைக்குள் வரமாட்டேன் என்கிறது என்று தோன்றியது. தோன்றியதும் திடுக்கிட்டான். ஐயோ... நானுமா?

கடைசியில் வந்தது அவளுடைய அண்ணன்.

“தங்கச்சி கண்ணாடி ரெடியா தம்பி?”

“அவங்களே வரணுங்க. மூக்குல வச்சு அளவு பாக்கணும்.”

பச்சைப் பொய்.

மறுநாள் விறைப்பாக வந்து உட்கார்ந்தாள். மாட்டிவிட்டான்.

“அளவு சரியாத்தானே இருக்கு?” என்றாள்.

“நேத்தே சரியாத்தான் இருந்துச்சு. பொய் சொன்னேன். உங்களப் பாக்காம... ஒரு இடத்துல உக்கார முடியலங்க. உங்க கவிதைய அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சிடுங்க.”

“அதை இதழ்லேருந்து எடுத்துட்டேன்.”

“ஐயோ, ஏன்?”

“நீங்க சொன்னது நெஜம். யாரோட கண்ணையும் பாத்து எழுதல. அது சுருக்குன்னு குத்துச்சு...” குரல் இறங்கியது. “உங்க முகத்துல முழிக்கத் தெம்பில்லாமதான் அண்ணனை அனுப்பினேன். அனுப்பிட்டு வீட்டு வாசல்லயே நின்னேன்... கண்ணாடியோட வந்துடக் கூடாதேன்னு.”

“வந்திருந்தா?”

புதுக் கண்ணாடி வழியே முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

“அப்புறம் இங்க வர எனக்கு என்ன காரணம் இருக்கு?”