இடப்பக்கத் திரை

மேசைமேல் இருந்தவை இரண்டு திரைகள். கணினியோ மூன்று என்று காட்டியது.

அக்காவுக்கு வீட்டிலிருந்தே அனிமேஷன் வேலை, லினக்ஸில். மூன்று நாளாக, திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் போட்டால் திரை கறுத்தது, எடுத்தால் படம் நத்தையாய் ஊர்ந்தது. தன் கிராபிக்ஸ் கார்டு செத்துவிட்டது என்று தெரிந்ததும், இன்று காலை அடுத்த அறைக்குப் போய்த் தங்கையின் கணினியைப் பிரித்து அதிலிருந்ததைக் கழற்றிக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு ஆறு வருடமாகத் தங்கைக்குக் கண்களைத் தவிர எதுவும் அசையாது. அவள் பார்க்கும் எழுத்தைக் கேமரா பிடிக்கும், கணினி பேசும். அவளுக்கிருந்த ஒரே வாய் அது.

"புதுக் கார்டு வர ரெண்டு வாரம் ஆகும், பொறுத்துக்கோ. நீ பேசி இப்ப என்னத்தக் கிழிக்கப்போற?"

தங்கையின் தொண்டை கரகரத்தது. எச்சில் வழியாமலிருக்க அவள் வாய்மேல் ஒரு துண்டைப் போட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு, கதவைச் சாத்திவிட்டு அக்கா தன் அறைக்கு வந்தாள்.

கார்டு சமத்தாக வேலை செய்தது. டெஸ்க்டாப் வழுக்கிக்கொண்டு ஓடியது. சூடேறிய தூசியின் வாடையும், பெட்டிக்குள் விசிறியின் சன்னமான இரைச்சலும், ஜன்னல் திரைச்சீலையில் மத்தியான வெயிலும் அறையை நிறைத்திருக்க, திரை அமைப்புப் பக்கத்தில் அந்த மூன்றாவது திரைக்கான கட்டம் மட்டும் இடப்பக்கம், தங்கையின் அறைச் சுவரை ஒட்டினாற்போல் நின்றது. அணைத்தாள். திரும்ப வந்தது. குனிந்து பார்த்தாள். வயர் இரண்டுதான்.

ஆபீஸ் சிஸ்டம்காரருக்குப் போன் போட்டாள்.

"பழைய கார்டு சில நேரம் இல்லாத திரைய இருக்குன்னு சொல்லும்மா. ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அந்த மூணாவது திரையில ஏதாச்சும் ஓடினா படத்துல சேர்ந்து வந்துடும்."

எடுத்தாள். அவளுடைய இரண்டு திரைகளுக்கும் இடப்பக்கம் ஒரு கூரை. ஈரக்கறை. சுழலும் மின்விசிறி. கட்டிலில் மல்லாந்து கிடப்பவள் பார்க்கும் கூரை. ஆனால் கேமராவைக் காலையிலேயே கழற்றிப் பரண்மேல் போட்டிருந்தாள்.

மறுபடி எடுத்தாள். படத்தின் அடியில் வெள்ளை விளிம்பு. காற்றில் மேலேறிய துண்டு.

மறுபடி. முழுக்க வெள்ளை. கீழே, வாய் இருக்கும் இடத்தில் ஒரு குழி.

மறுபடி. குழி புடைத்திருந்தது.

சுவருக்கு அப்பால் கரகரப்பு. எழுந்தால் பத்தடி. காலைத் தரையில் ஊன்றினாள். ஆறு வருடம். மலம், மூத்திரம், படுக்கைப்புண். ஊன்றிய கால் அப்படியே நின்றது.

மறுபடி. குழி.

மறுபடி. அதே குழி.

கரகரப்பு நின்றது. அடுத்த படம் வெறும் கறுப்பு.

"போய்ச் சேர்ந்துட்டா" என்று முணுமுணுத்தாள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்தாள். தூங்கிட்டிருந்தா டாக்டர், நான் பார்க்கல.

மூன்றாவது கட்டம் இன்னும் போகவில்லை.

மறுபடி எடுத்தாள். கூரை. துண்டு இல்லை.

மறுபடி. எதிர்ச்சுவர்.

மறுபடி. தரை. அதில் இரண்டு பாதங்கள்.

மறுபடி. சாத்திய கதவு, உள்பக்கம்.

விசிறி இரைச்சலுக்கு அடியில் எதுவோ இழுபட்டு வந்தது. நின்றது. மறுபடி இழுபட்டது. அவள் விரல் விசையை விட்டு வரவில்லை.

மறுபடி.

அக்காவின் அறைக் கதவு, வெளிப்பக்கம். கைப்பிடியின்மேல் ஐந்து விரல்கள், ஒரு மாதமாக அவள் வெட்டிவிடாத நகங்களோடு.