எலப்புள்ளிக் கிணற்றில் டீசல்

"நான் யாரோட கிணத்தையும் கெடுக்கலைங்க சார்." கோபிநாத் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

சோலை அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர் அவர். போலீஸ் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றபின் எலப்புள்ளிக்குப் பக்கத்துச் சித்தூரில் தங்கி, சிக்கலோடு வருகிறவர்களுக்குத் துப்பு விசாரித்துக் கொடுத்துவந்தார். அவரோடு சேர்ந்து வேலை செய்யும் வக்கீல் யோகப்பிரியா, அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டாள்.

கோபிநாத் கட்டிட என்ஜினீயர். எலப்புள்ளி அருகே ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆழமாக அடித்தளம் தோண்டியபோது ஊற்று உடைத்துக்கொண்டது. அந்த நீரை இறைத்து வாய்க்காலில் விட்டால் சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றிவிடும். ஆகவே அதைத் தொட்டியில் தெளியவைத்து, பக்கத்து விவசாயி மாரப்பனின் தோட்டத்து வேலியோரம் போட்ட ரீசார்ஜ் குழாய்க்கிணறு வழியாக மறுபடி பூமிக்குள்ளேயே இறக்கினான். பங்குனி வெயிலிலும் மாரப்பனின் கிணறு நிறைந்து நின்றது.

"புதன்கிழமை காத்தால கிணத்துல டீசல் நாத்தம்னு மாரப்பன் வந்து சத்தம் போட்டாருங்க. உடனே ரீசார்ஜை நிறுத்திட்டேன். மறுநாள் பஞ்சாயத்துக்காரங்க வந்து பாத்தா, நெசமாவே எண்ணெய் மெதக்குது. இப்ப தண்ணி எல்லாம் வாய்க்கால்ல போகுது. பழி எம்மேல. முதலாளி என்னை அனுப்பிடுவாருங்க."

"மாரப்பன் எப்படி ஆளு?"

"நல்ல மனுசனுங்க. எங்கிட்ட மட்டும் முகம் குடுத்துப் பேச மாட்டாரு. நீர்மட்டம் அளக்கத் தினமும் போவேன். அவங்க சம்சாரம் மருதாத்தாள் அக்காதான் கூட நின்னு, தண்ணி ஏறுதா, எந்தத் தென்னைக்கு எப்பப் பாய்ச்சலாம்னு எல்லாம் கேப்பாங்க."

அன்று பிற்பகலே மூவரும் எலப்புள்ளிக்குப் போனார்கள். மாரப்பனின் அடுத்த தோட்டத்துக்காரர் பூபதிராஜா வரப்பில் நின்றிருந்தார். அவர் கிணற்றில் தண்ணீர் பாதாளத்தில் கிடந்தது. கரையில் ஒரு டீசல் என்ஜின்.

"வயித்தெரிச்சல் இருக்குதுங்க. இல்லைன்னு சொன்னா பொய்" என்றார் அவர். "அந்தக் குழாயை எம்பட வேலியில போடச் சொல்லிக் கெஞ்சினேன். எங்க நிலம் பாறைன்னு சொல்லி அவனுக்குக் குடுத்துட்டாங்க. பக்கத்துத் தென்னை பச்சையா நிக்கறதைப் பாத்தா சோறு எறங்கறதில்லை."

யோகப்பிரியா சோலையின் காதருகே, "டீசலும் இருக்குது, பொறாமையும் இருக்குதுங்க சார்" என்றாள்.

"இருக்கட்டும்மா. முதல்ல கிணத்தைப் பாப்போம்."

மாரப்பன் கிணற்றடிக் கதவின் பூட்டைத் திறந்துவிட்டார். கருங்கல் படிகள் இறங்கும் பழைய கிணறு. மருதாத்தாள் சற்றுத் தள்ளி நின்றாள். புதன்கிழமை காலையில் அவள் முதலமடையில் தங்கை வீட்டில் இருந்தாளாம்.

"நீங்க முதல்ல பாத்தப்போ எப்படி இருந்துச்சு?" சோலை மாரப்பனிடம் கேட்டார்.

"குப்புனு நாத்தமுங்க. தண்ணி மேல எண்ணெய் ஆடை கட்டி நின்னுச்சு."

"அப்போ தண்ணி எது வரைக்கும்?"

மாரப்பன் மேலே ஒரு படியைக் காட்டினார். அதுவரை பச்சைப் பாசி படர்ந்திருந்தது. ரீசார்ஜ் நின்ற அன்றே தண்ணீர் அதற்குச் சில படிகள் கீழே இறங்கி, அந்த மட்டத்திலேயே நின்றிருந்தது. அங்கே எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மின்னியது.

சோலை செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்தார். பாசி படர்ந்த ஒவ்வொரு படியையும் சுவரையும் மேலிருந்து துடைத்துக்கொண்டே இறங்கி, துண்டுகளை யோகப்பிரியாவிடம் நீட்டினார்.

"பாசி வாசம்" என்றாள். அடுத்ததும் பாசிதான். அதற்கடுத்ததும். தண்ணீரைத் தொட்ட கடைசிப் படியில்தான் முகம் சுளித்தாள். "டீசல்."

பிறகு வேலியோரக் குழாய்க்கிணற்றின் மூடியைத் திறந்து, கயிற்றில் கட்டிய துணியை அதன் நீர்மட்டம் வரை விட்டு எடுத்தார். துணியில் எண்ணெயே இல்லை. பூபதிராஜாவையும் கூப்பிட்டு அனுப்பினார்.

எல்லாரும் தென்னை நிழலில் கூடியதும் பேசினார். "டீசல் தண்ணியில மெதக்கும். மேல்படியில மெதந்திருந்தா, தண்ணி எறங்க எறங்க ஒவ்வொரு படியிலயும் ஒட்டிக்கிட்டே வந்திருக்கும். ஆனா கடைசிப் படியிலதான் இருக்கு. தண்ணி எறங்கின பிறகு யாரோ ஊத்தியிருக்காக. தண்ணி எறங்கினது ரீசார்ஜை நிறுத்தினதால. நிறுத்தினது புகார் வந்ததால."

யோகப்பிரியா விடவில்லை. "புகாரைக் கேள்விப்பட்டு பூபதிராஜா ஊத்தியிருக்கலாமுங்களே?"

"ஊத்தியிருந்தாலும் புதன்கிழமை சொன்ன பேச்சு நெசமாயிராதும்மா. எண்ணெய் வர்றதுக்கு முந்தியே நாத்தம் எப்படி வந்துச்சு?"

எல்லாரும் மாரப்பனைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஞ்சாயத்துல வந்து பாப்பாங்கன்னு தெரிஞ்சதும் ஊத்தினனுங்க" என்றார் கடைசியில். "கல்யாணமான நாள்ல இருந்து தண்ணியப் பத்தி இவ எங்கிட்டத்தான் கேப்பா. எப்ப பாய்ச்சறது, எப்ப நிறுத்தறதுன்னு. கெணறு காஞ்சு கெடந்தப்பவும் கேட்டா. இப்ப அந்தப் பையனக் கேக்கறா. எனக்குச் சோத்தப் போட்டுட்டு அவன் பைக் சத்தத்துக்குக் காதைக் குடுத்துட்டு இருக்கறா. தண்ணி வந்துச்சுங்க. ஆனா அது எம்பட தண்ணி இல்லையே."

கோபிநாத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சோலை அவன் தோளைத் தொட்டார்.

மருதாத்தாளின் முகம் சிவந்திருந்தது. "நான் அந்தத் தம்பிகிட்டக் கேட்டது தண்ணிய மட்டுந்தானுங்க மாமா. ஒண்ணு கேட்டா அது பொறுமையாப் பதில் சொல்லும். நீங்க எரிஞ்சு விழுவீங்க. அதைச் சொன்னா அதுக்கும் எரிஞ்சு விழுவீங்க."

மாரப்பன் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"நடங்க" என்றாள். "பஞ்சாயத்து ஆபீஸ் மூடறதுக்குள்ள போய் நெசத்தைச் சொல்லிட்டு வந்துரலாம்."

"நான் மட்டும் போறேன் புள்ளே. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் பக்கத்துல நிக்கறேன்."

அவள் வாசலில் இருந்த ஸ்கூட்டரைக் கிளப்பினாள். மாரப்பன் சற்றுத் தயங்கி நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.