மூன்றாவது கன்ட்ரோலர்

ஒடாலிஸ் மின்சார பைக்கைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் வந்தபோது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“அக்கா, மூணாவது கன்ட்ரோலரும் போச்சு! சனிக்கிழமை நடக்கப்போற என் கல்யாணமும் போச்சு!”

சாந்தியாகோ நகரில் பைக் படுத்துவிட்டால் நியூர்காவைத்தான் தேடி வருவார்கள். ஸ்குரூவைக் கழற்றுவதற்குள் நாலு பேரைச் சந்தேகப்பட்டுவிடுவது அவள் கணவன் லியோவின் வழக்கம்.

“கல்யாணத்துக்கு என்ன ஆச்சு?” லியோ ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“மாப்பிள்ளை எலியேசர்தான் ராத்திரியில சார்ஜ் போடறான். வேற யாரும் பைக்கைத் தொடறதில்ல. பைக்ல கேக் கொண்டுபோய்க் குடுக்கிற வேலையை விட்டுடுன்னு சொல்லிட்டே இருந்தான். இப்ப அவனே கெடுக்கிறான்!”

“நான் அப்பவே நினைச்சேன்” என்றான் லியோ.

“எப்பவே? அவளே இப்பதானே சொன்னா” என்ற நியூர்கா, மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கருகியிருந்தது. பின்சக்கர மோட்டார் தடங்கலின்றிச் சுழன்றது, ஒயர்களிலும் பழுதில்லை.

“எங்க நின்னுச்சு?”

“மூணு தடவையும் காலையில, மலை உச்சியில இருக்கிற வீட்டிலிருந்து இறங்கறப்ப, அந்தப் பெரிய வளைவுல. சாயந்திரம் சமத்தா ஏறிடுது.”

“ஏத்தத்துல எரியாம இறக்கத்துல எரியுதா? சதிதான்!” லியோ துள்ளினான்.

“எரியறதுக்கு முன்னாடி இந்தப் புது மாடல் கன்ட்ரோலர் எப்படி ஓடுச்சு?”

“பிரமாதம்க்கா. பிரேக்கைத் தொட்டா மோட்டாரே இழுத்துப் பிடிக்குது. கேக் அலுங்கறதேயில்ல.”

“முந்தின ராத்திரி கரண்ட் இருந்துச்சா?”

ஒடாலிஸ் யோசித்தாள். “அதிசயமா அந்த மூணு ராத்திரியும் விடிய விடிய இருந்துச்சு. மத்த நாள்ல ரெண்டு மணி நேரம் வந்தாலே பெருசு.”

நியூர்கா கணவனை அனுப்பி எலியேசரை வரவழைத்தாள். முடிதிருத்தும் கடையிலிருந்து தோளில் துண்டோடு ஓடிவந்த அவன், ஒடாலிஸைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“பெட்டியை எரிச்சது இவர்தான்” என்றாள் நியூர்கா.

லியோ கதவை மறித்தான்.

“நகருங்க, அவர் எங்கயும் ஓடலை” என்றாள் நியூர்கா கணவனிடம். “ வேணும்னு கெடுத்திருந்தா இருட்டு ராத்திரிக்கு மறுநாளும் எரிஞ்சிருக்கணுமே? கரண்ட் இருந்தா இவர் பேட்டரியை முழுசா நிரப்பிடறார். ஒடாலிஸ் உச்சியிலிருந்து பிரேக் பிடிச்சே இறங்கறா. சக்கரத்தோட வேகம் கரண்டா மாறி பேட்டரிக்குத் திரும்புது. நிறைஞ்ச குடத்துல இன்னும் எப்படி ஊத்தறது? பேட்டரி வாங்க மாட்டேங்குது. போக இடமில்லாத கரண்ட் கன்ட்ரோலரை எரிச்சிடுது. கரண்ட் போன நாள்ல பேட்டரியில இடம் இருந்துச்சு, பிழைச்சுது.”

நியூர்கா புதிய கன்ட்ரோலரைப் பொருத்தினாள். “இனி முக்கால்வாசி ஏறினதும் ப்ளக்கைப் பிடுங்கிடுங்க.”

“நடுவழியில நின்னுடுவாளோன்னு பயந்து முழிச்சிருந்து ஏத்தினேன்க்கா” என்றான் எலியேசர்.

“அப்புறம் ஏன் வேலையை விடச் சொன்னே?” ஒடாலிஸின் குரல் இறங்கியிருந்தது.

“முதுகு வலின்னு தினமும் அழுதியே, அதான். ஏன்னு கேட்டியா நீ?”

அவள் கேட்கவில்லைதான். வெட்கத்தில் காதுவரை சிவந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ சனிக்கிழமை…?” என்று தயங்கினான் அவன்.

ஒடாலிஸ் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். “சனிக்கிழமை கேக்கை நானே கொண்டு வரேன். நம்ம கல்யாணக் கேக்கை வேற எவன் கையில குடுக்கிறது?”