ஒரு மிடறு மௌனம்

“றெக்ஷன்ரை மனதிலை என்ன கிடக்கெண்டு ஏழு தீவிலையும் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். அவன் வாய் திறக்கவே தேவையில்லை!”

இப்படி அறிவித்தவர் சில்வெஸ்ரர். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையில் மீன்பிடிக்கிறவர். அவர் எதையும் சொல்வதில்லை, அறிவிப்பார். வலையை இறக்கிவைத்தாலும் வாயை இறக்கிவைக்கமாட்டார்.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. மகன் றெக்ஷன் தண்ணீர் குடிக்கும் பேணியைப் பார்த்தாலே போதும், “என்ரை ராசாவுக்குத் தண்ணி வேணும்!” என்பார். வேலிப் படலையைப் பார்த்தால், “கடற்கரைக்குப் போகோணுமாம்!” என்று தூக்கிக்கொள்வார்.

றெக்ஷனுக்கு நான்கு வயது. பிறப்பிலேயே தளர்ந்த தசைகள். எல்லாவற்றையும் மெல்ல மெல்ல, ஆறுதலாகச் செய்கிற பிள்ளை. மூன்று வயதில்தான் நடந்தான். பேச்சு இன்னும் வரவில்லை.

அது 2003ஆம் ஆண்டு. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் நிசாந்தினி மிஸ் யாழ்ப்பாணத்திலிருந்து மாதம் ஒருமுறை ஊர் ஆசுபத்திரிக்கு வருவார்.

“பேணியைக் காட்டி, ‘என்ன வேணும்?’ எண்டு ஒருக்காக் கேளுங்கோ. பிறகு பேசாமல் பத்து எண்ணுங்கோ. அவன் வாயாலை ஏதும் கேட்டால் குடுங்கோ. மாதத்திலை ஒருநாள் நான் செய்து பிரயோசனமில்லை. அம்மாவும் அப்பாவும் ஒவ்வொரு நாளும் செய்ய வேணும்” என்றார் மிஸ்.

வீடு திரும்பும் வழிநெடுகச் சில்வெஸ்ரர் சிரித்தார். “பேச்சு வாறதுக்குப் பேசாமல் இருக்கோணுமாம்! நாளைக்கு நீச்சல் பழகக் கிணத்தை மூடச் சொல்லுவா.”

அம்மா மாக்கிறேற் மட்டும் ஒவ்வொரு நாளும் முயன்றார்.

“என்ன வேணும், ராசா?”

ஒன்று... இரண்டு... மூன்று வருவதற்குள் முற்றத்திலிருந்து குரல் வந்துவிடும். “தண்ணி! பிள்ளை தண்ணி கேக்கிறான். உமக்கு விளங்கேல்லையே?”

திறக்கப்போன வாயை றெக்ஷன் மூடிக்கொள்வான். அதைக் கண்டது பத்து வயது அக்கா ஜெனீற்றா மட்டும்தான்.

“அப்பா, தை மாதம் தம்பி பாலர் பாடசாலைக்குப் போகோணும். அங்கை தண்ணி விடாய்ச்சால் ஆர் சொல்லுறது?”

“நான் யன்னலுக்குள்ளாலை பாத்துச் சொல்லுவன்.”

“அப்ப மீன் பிடிக்கிறது ஆர்?”

சில்வெஸ்ரர் யோசித்தார். பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் பேசினார். “என்னாலை வாயைக் கட்டேலாது, பிள்ளை. எங்கடை பரம்பரையிலை அப்பிடி ஒரு நோய் வருத்தம் இல்லை.”

அடுத்த நாள் பின்னேரம் ஜெனீற்றா ஒரு பேணி தண்ணீரோடு வந்தாள்.

“அப்பா, பத்து எண்ணி முடியுமட்டும் ஒரு மிடறு தண்ணியை விழுங்காமல் வாயிலை வைச்சிருக்க உங்களாலை ஏலாதாம்.”

“ஆர் சொன்னது?”

“நான்.”

“பத்தோ? நூறுக்கும் வைச்சிருப்பன். கொண்டா!”

அவருடைய கன்னங்கள் பேத்தை மீனைப்போல உப்பின. அம்மாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மிச்சத் தண்ணீரை வாங்கி, றெக்ஷனின் முன்னால் பிடித்தார்.

“என்ன வேணும், ராசா?”

ஜெனீற்றா ஒரு விரலை மடித்தாள்.

இரண்டு. வீடு அமைதியானது. கூரைக்கு மேலே ஒரு பனையோலை மற்றதோடு இரகசியம் பேசியது.

நான்கு. கடலின் இரைச்சல் வீட்டுக்குள் வந்தது. இவ்வளவு நாளும் அது வாசலில்தான் நின்றிருக்க வேண்டும். உள்ளே வர இடம் கிடைத்திருக்காது.

ஆறு. பேணித் தண்ணீரில் பட்ட வெயில், சுவரில் ஒரு பொன்மீனாக நீந்தியது. றெக்ஷன் மீனைப் பார்த்தான். அப்பாவின் கன்னங்களைப் பார்த்தான். அப்பாவின் கண்கள் ‘தண்ணி, தண்ணி’ என்று கத்தின. வாய்க்குத்தான் வழியில்லை.

பத்து முடிந்தது. ஜெனீற்றா நிறுத்தவில்லை. ஆறுதலான பிள்ளைக்கு ஆறுதலான பத்துத்தானே?

பதினொன்று. பன்னிரண்டு.

றெக்ஷனின் உதடுகள் அசைந்தன. ஆழத்திலிருந்து ஒரு குமிழி மெல்ல மெல்ல மேலே வருவதுபோல வந்தது அந்தச் சத்தம்.

“ண்ணி.”

அரைச் சொல்தான். ஆனால் அப்பாவின் வாயிலிருந்த தண்ணீர் முழுவதும் ஜெனீற்றாவின் சட்டைக்குப் போனது. றெக்ஷன் கிலுகிலுவென்று சிரித்துவிட்டு, கேட்டு வாங்கிய தண்ணீரை மடமடவென்று குடித்தான்.

“பாத்தியளே, பிள்ளை என்னைப்போலவே பேச்சுக்காரன்!” என்று சில்வெஸ்ரர் சந்திவரை போய் அறிவித்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ஜெனீற்றா பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டாள். முற்றத்தில் அப்பா தம்பிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தார். ஒரு கையில் வாழைப்பழம். வாயில் தண்ணீர் இல்லை.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு யாகப்பு எட்டிப் பார்த்தார். “என்ன சில்வெஸ்ரர், சத்தத்தைக் காணேல்லை? சுகமில்லையோ?”

சில்வெஸ்ரர் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் மற்றக் கை மட்டும், ஒவ்வொரு விரலாக, ஆறுதலாக மடிந்துகொண்டிருந்தது.