பதினேழாம் கேட்டில் ஒரு பாஸ்போர்ட்

காலை பத்து நாற்பது. பதினேழாம் கேட்டின் ஒலிபெருக்கி இரண்டு பெயர்களைக் கூப்பிட்டது. மருமகள் துள்ளி எழுந்தாள். மாமியார் கைப்பையைத் திறந்தார், துழாவினார், நிமிர்ந்தார்.

"பாஸ்போர்ட்டைக் காணோம்."

"நல்லாப் பாருங்க அத்தை."

"பார்த்துட்டேன். இல்லை." சற்று நிறுத்தி, "அடுத்த பிளைட்டு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி மருமகளின் காதில் ஏறவேயில்லை. கைப்பையைப் பிடுங்கி நாற்காலியில் கவிழ்த்தாள். மாத்திரை டப்பா, சீப்பு, கைக்குட்டை, மூக்குக் கண்ணாடி, மூன்று ஏலக்காய். பாஸ்போர்ட் மட்டும் இல்லை.

காணாமல் போனதைக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. ஒரு விமான நிறுவனத்தில், வழிதவறிய பெட்டிகளைத் தேடிப் பிடிக்கும் பிரிவில் இருந்தாள். வேறு கண்டத்துக்குப் போய்விட்ட பெட்டியைக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடித்துவிடுவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு 'மோப்பக்காரி' என்று பட்டப்பெயர். பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சொந்த மாமியாரின் பாஸ்போர்ட், கண்ணெதிரே மாயமாகிவிட்டது.

அதுவும் இன்றைக்கு. அவர்கள் போகவேண்டிய ஊரில் நாத்தனாருக்கு மறுநாள் காலையில் இதயத்தில் அறுவை சிகிச்சை. டிக்கெட்டின் விலையோ அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இருந்த ஒரே வழி, ஊழியர் சலுகை. ஊழியரும் குடும்பத்தாரும் ஏறக்குறைய இலவசமாகவே பறக்கலாம். ஆனால் காசு கொடுத்த பயணிகள் எல்லாரும் ஏறி முடிந்த பிறகு இருக்கை மிச்சமிருந்தால்தான் இடம். மிச்சமில்லை என்றால், கதவு சாத்துவதைப் பார்த்துவிட்டு அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதற்கு 'ஸ்டாண்ட்பை' என்று பெயர்.

மூன்று வாரம் மருமகள் திட்டம் போட்டாள். எந்த நாளில் கூட்டம் குறைவு, எந்த விமானம் எப்போதும் பிதுங்கி வழியும் என்று சக ஊழியர்களை நச்சரித்துக் கேட்டாள். நேர் விமானத்தில் தலைகீழாக நின்றாலும் இடம் கிடைக்காது என்று தெரிந்ததும், இந்த நடுவழி ஊரில் இறங்கி மாறுவது என்று முடிவு செய்தாள். இங்கே ஏறத் தவறினால் மாலை விமானம். அதுவும் நிரம்பிவிட்டால் பக்கத்து ஊருக்குப் பறந்து, அங்கிருந்து ரயில். பெட்டிகளைக் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டால் கடைசி நேரத்தில் விமானம் மாற முடியாது என்பதால் ஆளுக்கு ஒரே கைப்பெட்டி. இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் தினமும் விளக்கினாள்.

"பஸ்ஸுக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறதைவிடக் கேவலமா இருக்கே!" என்பார் மாமியார். அவள் ஆசையாக வாங்கித் தந்த கழுத்துத் தலையணையையும் விட்டுவைக்கவில்லை. "மாட்டுக்கு நுகத்தடி பூட்டுற மாதிரி இருக்கு. எனக்கு வேணாம்." முதல் விமானம் முழுக்க அது பெட்டியின் கைப்பிடியில்தான் தொங்கியது. ஒன்றில் மட்டும் மருமகளை மிஞ்சினார்: எங்கே கிளம்பினாலும் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுவார். "ஒருதரம் ரயிலைத் தவறவிட்டேன். அது போதும்," என்பார். எந்த ரயில் என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டின் அதிகாரி, கொண்டையை இறுக்கிப் போட்ட பெண், கவுண்டரைவிட்டு வெளியே வந்தார்.

"ரெண்டு சீட்டுதான் மிச்சம். உங்களுக்கு சர்வீஸ் வருஷம் அதிகம்கிறதால உங்களுக்குத்தான் முதல்ல. ஆனா பாஸ்போர்ட் இல்லாம ஏத்த முடியாதும்மா. கொஞ்ச நேரம் தர்றேன். அதுக்கு மேல என் கையில இல்லை."

மருமகள் மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டாள். பத்து மணிக்கு இதே கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டினார்கள். மாமியார் அதைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்ததை அவளே பார்த்தாள். இரண்டு இடம் கிடைக்கும்போலத் தெரிகிறது என்று அதிகாரி சொன்னதும், அங்கிருந்தவர்கள் காதுபடவே மாமியாரிடம் அதைச் சொல்லிவிட்டு, நாத்தனாரின் கணவருக்குத் தகவல் சொல்ல ஜன்னல் ஓரம் போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது பெயரைக் கூப்பிட்டார்கள். நடந்தது, அந்த இடைவெளியில்தான்.

காத்திருந்த வேறு ஸ்டாண்ட்பை ஆட்கள் மூன்றே பேர். வரிசையில் அடுத்தவர்கள், இதே நிறுவனத்தின் இளம் விமானப் பணிப்பெண்ணும் அவளுடைய அம்மாவும். அவர்களுக்குப் பின்னால், காலை ஆட்டிக்கொண்டே இருந்த ஒரு எஞ்சினியர் பையன். தாங்கள் ஏறாவிட்டால் யாருக்கு லாபம்? யோசித்ததும் மருமகள் நேராகப் பணிப்பெண்ணிடம் போனாள்.

"நான் போன் பேசப் போனப்போ எங்க இருந்தீங்க?"

"இங்கேயேதான் அக்கா."

"எங்க அத்தை பக்கத்துல வந்தீங்களா?"

"நான் வரலை. அம்மா அழுதுக்கிட்டே இருந்தாங்க. உங்க அத்தைதான் வந்து, முகம் கழுவிட்டு வரலாம்னு கூட்டிட்டுப் போனாங்க."

"அழுகை எதுக்கு?"

பணிப்பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்பா தவறிட்டார் அக்கா. இந்த பிளைட்டு போற ஊர்லதான் வேலை பார்த்தார். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணிடுவாங்க. மாலை பிளைட்டுல போனா முகம் பார்க்க முடியாது."

சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே தன் பையை நாற்காலியில் கொட்டினாள். உதறிக் காட்டினாள். ஒன்றும் இல்லை. அவளுடைய அம்மா பிளாஸ்டிக் உறை பிரிக்காத வெள்ளைச் சட்டை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்தபடி, நடப்பது எதுவும் புரியாமல் உட்கார்ந்திருந்தார். கணவருக்கு உடுத்திவிட வாங்கிய சட்டை. மருமகள் எஞ்சினியரிடம் திரும்பினாள்.

"முகம் கழுவப் போனப்போ அத்தையோட கைப்பை எங்கே இருந்துச்சு?"

"என் பக்கத்து சீட்டுல இருந்துச்சு மேடம். பார்த்துக்கோப்பான்னு சொல்லிட்டுப் போனாங்க."

"தொட்டீங்களா?"

"சத்தியமா இல்லை. வேற யாரும் கிட்டவும் வரலை."

"அத்தை கையில என்ன எடுத்துட்டுப் போனாங்க?"

"கையில ஒண்ணும் இல்லை. கழுத்துல அந்தத் தலையணை. அவ்வளவுதான்."

மருமகள் அப்படியே நின்றாள்.

பெட்டி தேடும் வேலையில் அவள் தனக்கென்று வைத்திருந்த ஒரு விதி உண்டு. காணாமல் போன பொருளையே நினைத்துக்கொண்டிருந்தால் மூளை சுற்றும். அதைவிட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக எது இடம் மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். இத்தனை அமளியிலும் அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்று வாரமாகத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்த நுகத்தடி அவர் கழுத்தில் கச்சிதமாகப் பூட்டியிருந்தது.

இருவர் பார்வையும் சந்தித்தன. மாமியார் சட்டென்று விமானம் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருமகளுக்கு முதலில் பொங்கிக்கொண்டுதான் வந்தது. கெஞ்சி வாங்கிய விடுப்பு, மூன்று வாரத் தூக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே படுத்திருக்கும் நாத்தனார். இரண்டே எட்டில் போய் அந்தத் தலையணையின் ஜிப்பை இழுத்துவிடலாம். ஒரு அடி எடுத்தும் வைத்தாள். அப்போது அந்த வெள்ளைச் சட்டை மறுபடியும் கண்ணில் பட்டது.

"கிடைச்சுதாம்மா? கதவைச் சாத்தணும்," என்றார் அதிகாரி.

"இல்லை மேடம்," என்றாள் மோப்பக்காரி. "அடுத்தவங்களை ஏத்திடுங்க."

பணிப்பெண் நகரவில்லை. "உங்க இடத்துல நாங்க எப்படிக்கா…"

"சீட்டு காலியாப் பறந்தா யாருக்கு என்ன லாபம்? அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஓடு. ஓடும்மா!"

அம்மாவும் மகளும் ஓடினார்கள். கதவு சாத்தப்பட்டது. மருமகள் மாமியாரின் பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பாஸ்போர்ட்டை எடுங்க அத்தை."

"எங்கேர்ந்து எடுக்க?"

"கழுத்துலேர்ந்து."

மாமியார் தலையணையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"முகம் கழுவப் போறவங்க யாராவது தலையணையை மாட்டிக்கிட்டுப் போவாங்களா? உயிர்மாதிரி இடுக்கிக்கிட்டு வந்த கைப்பையை, முன்பின் தெரியாத பையன்கிட்ட விட்டுட்டுப் போனீங்க. ஏன்னா அதுல காப்பாத்துறதுக்கு ஒண்ணும் இல்லை. அதோட, பாஸ்போர்ட் தொலைஞ்சா மனுஷங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். நீங்க முதல் வேலையா அடுத்த பிளைட்டு எத்தனை மணிக்குன்னு கேட்டீங்க. அப்பவே நான் பிடிச்சிருக்கணும்."

மாமியார் தலையணையைக் கழற்றி, உறையின் ஜிப்பை இழுத்து, பாஸ்போர்ட்டை எடுத்து மருமகளின் மடியில் வைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை."

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டே. அவகிட்டச் சொன்னா அவ வாங்கிக்க மாட்டா. ரெண்டு பேருக்கும் சங்கடம் இல்லாம முடிக்க, எனக்கு வேற வழி தோணலை." புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "ரயிலைத் தவறவிட்டேன்னு சொல்லுவேனே, எந்த ரயில் தெரியுமா? உன் மாமனார் வேலைக்குப் போன ஊர்ல செத்துக் கிடந்தார். நான் போய்ச் சேர்ந்தப்போ மண்ணு மூடியாச்சு. இன்னைக்கும் கண்ணை மூடினா அவர் முகம் சரியா வர மாட்டேங்குது. அந்தப் பொம்பளை சட்டையைக் கட்டிக்கிட்டு அழறா. நான் அவ முன்னாடி எப்படிம்மா விமானம் ஏறுவேன்?"

"அங்கே உங்க பொண்ணு காத்துக்கிட்டு இருக்காளே அத்தை?"

"அவளுக்கு நாளைக்குக் காலையிலதானே? நமக்கு ராத்திரி முழுக்க இருக்கு. அவங்களுக்குப் பொழுது சாயற வரைக்கும்தான்."

"மாலை பிளைட்டுலயும் இடம் இல்லைன்னா?"

"பக்கத்து ஊருக்குப் பறந்து, அங்கேர்ந்து ரயில்." மாமியார் அவளை முறைத்தார். "மூணு வாரமா ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிடவிடாம ஒப்பிச்சியே, நான் கேட்கலைன்னு நெனச்சியா? உன்னை நம்பித்தாண்டி ஒளிச்சு வெச்சேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாலை விமானம் பயந்தபடியே நிரம்பி வழிந்தது. மருமகள் பக்கத்து ஊர் விமானத்துக்குப் பெயர் மாற்றக் கவுண்டருக்குப் போனாள். அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பிறகு கழுத்துத் தலையணையைப் பார்த்தார்.

"கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு மேடம்."

அதிகாரி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்து அந்த ஊரில் இருக்கும் தோழியிடம் பேசினார். விமானம் இறங்கியதும் ரயில் நிலையத்துக்கு வண்டிக்கு ஏற்பாடு செய்தார். மருமகள் நன்றி சொல்ல வாயெடுத்ததும் கையை உயர்த்தித் தடுத்தார். "ஸ்டாண்ட்பையில காத்துக் கிடக்கிற வலி எனக்கும் தெரியும்மா. போயிட்டு வாங்க." அந்த எஞ்சினியர் பையனும் அதே வழியில் சேர்ந்துகொண்டான். கைப்பையைக் காவல் காத்த பாவத்துக்கு இரண்டு பெட்டிகளையும் ரயில்வரை அவனே தூக்கினான்.

விடிந்தபோது மருத்துவமனையில் இருந்தார்கள். நாத்தனாரைத் தள்ளுவண்டியில் ஏற்றவில்லை இன்னும். அம்மாவைக் கண்டதும் அவள் குழந்தைபோல இரண்டு கையையும் நீட்டினாள். மாமியார் மகளின் முகத்தை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு, நர்ஸ் வந்து அழைக்கும்வரை விடவில்லை.

அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது மருமகளின் கைப்பேசி அடித்தது. அலுவலகத்தில் எண் வாங்கிக் கூப்பிட்டது அந்தப் பணிப்பெண். அவர்கள் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சட்டையை அம்மாவே உடுத்திவிட்டாராம். அவருக்கு இவர்களிடம் பேச வேண்டுமாம். மருமகள் கைப்பேசியை மாமியாரிடம் நீட்டினாள். மறுமுனையில் வார்த்தைகள் அழுகையில் கரைந்தன. மாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு எதுக்கும்மா நன்றி? நான் ஒரு மறதிக்காரி, பாஸ்போர்ட்டை எங்கேயோ வெச்சுட்டுத் தேடிக்கிட்டிருந்தேன். உனக்குக் கிடைக்க வேண்டியது கிடைச்சுது. அழாதே."

குற்றவாளி கடைசிவரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. துப்பறிந்தவளும் வாயைத் திறக்கவில்லை.

மதியம் மருத்துவர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். சாயங்காலம் நாத்தனார் கண்விழித்தாள். உலர்ந்த உதடுகளால் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"மாலை பிளைட்டுல இடம் இல்லைன்னு அவர் சொன்னாரே… எப்படிம்மா வந்தே?"

மாமியார், கட்டிலின் கால்மாட்டில் நின்ற மருமகளைப் பிடித்திழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"உங்க அண்ணி கூட்டிட்டு வந்தா," என்றார்.